வேலை நடக்குது!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். வணக்கத்தை இதோடு முடித்துக்கொள்கிறேன். எனக்குக் கொடுத்திருப்பது எட்டு நிமிஷம், கோபமோ நிறைய இருக்கிறது.

ரயில் நின்றுபோன ஊருக்கு அரசுப் பணம் முதலில் போக வேண்டியது சாலைக்கா, தண்டவாளத்துக்கா? நாங்கள் சாலை அணி. எதிரணி அம்மையார் சற்று முன்பு என்ன சொன்னார்? "கிராமத்து ரோட்டுக்குக் கொடுக்கிற பணம் ஆற்றில் கரைத்த புளி. ஒரு மழைக்குத் தாங்காது. தண்டவாளம் நூறு வருஷம் நிற்கும்." நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், பழக்கதோஷம்.

நூறு வருஷமா? மதுரை–போடி பாதையைப் பாருங்கள். 1928-இல் ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போர் நேரத்தில், 1942-இல், தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா, ரோட்டை எவனாவது பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு போக முடியுமா? சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்துத்தான் திரும்பப் போட்டார்கள். 2010 கடைசியில் அகலப்பாதை ஆக்குகிறோம் என்று மறுபடி மூடினார்கள். தேனிக்கு ரயில் திரும்பியது 2022-இல், போடிக்கு 2023-இல்.

இந்த இடைவெளியில் ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் பெண் பார்க்கப் போனார்களாம். மாப்பிள்ளையின் அப்பா விவரமானவர். "ஊர்ல ஸ்டேஷன் இருக்கா?" என்று கேட்டார். "ஜம்முனு இருக்கு" என்றார் தரகர். போய்ப் பார்த்தால் ஸ்டேஷன் இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் ஓர் ஆடு இருக்கிறது. ஆட்டுக்காரரிடம், "வண்டி எப்போ வரும்?" என்றார். "வேலை நடக்குதுங்க."

சரி, கல்யாணம் முடிந்தது. வளைகாப்புக்கு வந்தார். "வண்டி எப்போ?" "வேலை நடக்குதுங்க." பேரனுக்குக் காதுகுத்து. "வண்டி?" "நடக்குதுங்க." பேரனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றும் வந்தார். இந்தத் தடவை அவர் கேட்கவில்லை, ஆட்டுக்காரர் கேட்டார்: "ஏங்க, இத்தனை வருஷமா வர்றீங்களே, நீங்கதான் ரயில்வே அதிகாரியா?"

சிரிக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் அவர் மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, சீர்த்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் நடந்தார். அந்தச் சேற்றுக்குப் பணம் ஒதுக்குவதுதான் அம்மையாருக்குப் புளியாகத் தெரிகிறது!

மழையில் கரையுமாம். 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில், ரோடு போட்ட ஒப்பந்தக்காரரே ஐந்து வருஷம் பராமரிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கரைந்தால் அவர் சட்டையைப் பிடியுங்கள், ஊருக்கு வரும் பணத்தை ஏன் பிடிக்கிறீர்கள்? இன்னொன்று. மூணாறில் ஓடிய ரயில் 1924 வெள்ளத்தோடு போனது. திரும்பி வரவே இல்லை. இன்றைக்கு நீங்களும் நானும் மூணாறுக்கு எதில் போகிறோம்?

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். கணக்கு வழக்கை விடுகிறேன்.

போடி மலைப்பக்கம் நோயாளியைக் கம்பில் டோலி கட்டித் தூக்கி வரும் செய்தியைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அந்தக் கம்பின் ஒரு முனையில் புருஷன், மறுமுனையில் தம்பி. நடுவே நிறைமாதக்காரி, பல்லைக் கடித்துக்கொண்டு, "மெதுவாப் போங்க, வழுக்கும்" என்று அவர்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வருகிறாள். 108-க்குப் போன் போட்டாகிவிட்டது. வண்டியும் புறப்பட்டு வந்துவிட்டது. தார் முடிகிற இடத்தில் விளக்கைச் சுழலவிட்டு நிற்கிறது, அதற்கு மேல் ஏற வழியில்லை. அந்தப் பெண்ணிடம் போய், "பொறும்மா, அகலப்பாதை வருது" என்று எதிரணியில் யார் சொல்வீர்கள்? அம்மா, நீங்கள் சொல்வீர்களா? நீங்களும் பெற்றவர்தானே?

நடுவர் அவர்களே, அவள் வீட்டு வாசல் வரைக்கும் ரோடு போட முதலில் பணம் கொடுங்கள் என்று தீர்ப்பு எழுதுங்கள்.