விரிசல் விட்ட கரண்டியும் வளைகத்தியும்

வணக்கம். முதலில் இதைப் பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன். போன வீடியோவில் பெருமையாகத் தூக்கிக் காட்டினேனே, அதே மரக்கரண்டிதான். குழியின் விளிம்பிலிருந்து காம்பு வரைக்கும் விரிசல். குற்றம் மரத்தின் மேல் இல்லை. கிளையின் நட்டநடுவை வெட்டி எறியாமல் கரண்டிக்குள்ளேயே விட்டுவைத்தவன் நான்தான். மரம் காயும்போது வளையங்களின் சுற்றுவாக்கில் அதிகமாகச் சுருங்கும். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய சுருக்கத்தைப் போல் ஏறக்குறைய 2 மடங்கு. அந்த இழுபறி தாங்காமல்தான் நடுவிலிருந்து பிளந்துகொண்டது.

இன்றைக்குப் பச்சைக் கட்டையை இரண்டாகப் பிளந்து, நடுவைச் சீவித் தள்ளிவிட்டேன். ரம்பம் நாரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகக்கூடும். பிளந்தால் மரம் தன் நாரின் வழியே பிரியும், காம்பும் உறுதியாக இருக்கும். கைக்கோடரியால் உருவம் எடுத்ததை வேகமாக ஓட்டிவிடுகிறேன், அரை மணி நேரமும் வெறும் சத்தம்.

இனி குழி. எனக்குப் பிடித்த வேலை இது. வளைகத்தியால் நாருக்குக் குறுக்கே, மெல்லிசாகச் சீவுகிறேன். சுருளைப் பாருங்கள், வெட்டிய நகத்துண்டு போலப் பளபளப்பாக வருகிறது. இப்போது வேண்டுமென்றே தப்பு செய்கிறேன்: நீளவாக்கில் இறங்கி, அடியைத் தாண்டி எதிர்மேட்டில் ஏறுகிறேன். 'கரக்'. கேட்டதா? கத்தி நாருக்குள் புகுந்து பிய்த்துவிட்டது. கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடும்.

கட்டைவிரலைக் குழியின் விளிம்புக்கு மேலே நீட்டாதீர்கள், வெளிப்புறமாகத் தாழ்த்தி வையுங்கள். இந்தப் பிளாஸ்திரி அழகுக்காக ஒட்டியதில்லை.

உப்புத்தாள் தேய்க்க வேண்டாமா என்று கேட்பீர்கள். நான் தேய்ப்பதில்லை. தேய்த்த பரப்பு தண்ணீர் பட்டதும் சொரசொரவென்று நார் எழும்பும். தேய்க்கிற நேரத்தில் கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொள்ளலாம்.

செதுக்கி முடித்ததும் சீவலோடு சேர்த்துக் காகிதப் பையில் போட்டுவிடுகிறேன், மெதுவாகக் காயட்டும். காய்ந்த பிறகு ஆளிவிதை எண்ணெய் பூசுவேன், அது மரத்துக்குள் இறங்கிக் கெட்டிப்படும். ஒன்று கவனம்: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். திறந்த வெளியில் விரித்துக் காயப்போடுங்கள்.

அடுத்த வீடியோவில் பையைத் திறக்கிறேன். மறுபடி விரிசல் விட்டிருந்தால் அதையும் காட்டுகிறேன்.