எம்டனுக்குப் பிறகு வந்த சபை

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

காரியக்காரனைப் பற்றிப் பேசும்போது ‘அவன் பெரிய எம்டன் ஆச்சே’ என்று சொல்வோம். எம்டன் ஒரு கப்பலின் பெயர். 1914 செப்டம்பர் 22 இரவில் அந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கரைக்குப் பக்கத்தில் வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. ஊரில் பலர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கப்பல் போய்விட்டது, பெயர் மட்டும் நம் பேச்சில் தங்கிவிட்டது.

அந்த இரவிலிருந்து 42 ஆண்டுகள் கழித்து, 1956இல், பம்பாயில் இந்திய-ஜெர்மானிய வர்த்தக சபை தொடங்கியது. இன்று நான் பேச வந்தது அந்தச் சபையைப் பற்றி.

கதை எம்டனிலும் தொடங்கவில்லை. அதற்கு முன்பே ஜெர்மனி நம்மை ஒருமுறை பலமாக அடித்திருந்தது, குண்டால் அல்ல, சாயத்தால். 1897இல் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலச் சாயத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவரை உலகத்துக்கு நீலம் கொடுத்தது நம் அவுரிச் செடி. சில ஆண்டுகளில் அவுரி ஏற்றுமதி சரிந்தது. பிறகு உலகப்போர் வந்து ஜெர்மானியச் சாயம் நின்றதும் அவுரிக்குத் திரும்ப விலை ஏறியது. 1917இல் காந்தி போன சம்பாரண் சண்டையே அவுரி விவசாயிகளுடையதுதான். ஆக, இரண்டு நாடுகளுக்கும் வியாபாரம் இருந்தது. உட்கார்ந்து பேச ஒரு மேசைதான் இல்லை.

வர்த்தக சபை நமக்குப் புதிது இல்லை. மெட்ராஸ் சேம்பர் 1836இல் வந்தது, வெள்ளைக்கார வியாபாரிகளுடையது. நம்மவர்கள் 1909இல் தென்னிந்திய வர்த்தக சபையைத் தொடங்கினார்கள், பிட்டி தியாகராய செட்டியார் முன்னால் நின்றார். இவை இரண்டும் ஒரு தரப்பின் சங்கங்கள். இருநாட்டு வர்த்தக சபை வேறு ஜாதி. அதில் விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே கூரையின் கீழ் சந்தா கட்டி உறுப்பினராக இருப்பார்கள். கல்யாணத் தரகர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், என்ன, இந்தத் தரகர் இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரர். ஜெர்மானியர்களுக்கு இதில் பழைய பழக்கம் உண்டு, அவர்களுடைய முதல் வெளிநாட்டுச் சபை 1894இல் பிரஸ்ஸல்ஸில் அமைந்தது.

சரி, 1956 ஏன்? இந்தியா 1951லேயே மேற்கு ஜெர்மனியுடன் தூதரக உறவு வைத்துக்கொண்டது. போரில் நொறுங்கிப்போன அந்த நாட்டுக்கு இயந்திரம் விற்க இடம் தேவை, நமக்கு இயந்திரம் தேவை. அதே 1951இல் ஜெர்மனியின் பாஷ் (Bosch) நிறுவனத்தின் இந்தியக் கம்பெனி பெங்களூரில் தொடங்கியது, ‘மைகோ’ என்றால் பழைய மெக்கானிக்குகளுக்குத் தெரியும். 1954இல் டாடாவும் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸும் சேர்ந்தன. நட்சத்திரம் வைத்த லாரிகள் நம் சாலைகளில் ஓடியது அந்தக் கூட்டால்தான். ரூர்கேலா உருக்காலையைக் கட்ட குருப், டெமாக் என்ற ஜெர்மானியக் கம்பெனிகள் வந்தன. 1956 ஜூலையில் நேரு ஜெர்மனி போனார். அந்தப் பயணத்தில் பிறந்த யோசனைதான் 1959இல் சென்னை ஐ.ஐ.டி. ஆனது. இவ்வளவு போக்குவரத்து இருக்கும்போது சபை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் வந்த நேரத்தைப் பாருங்கள். அடுத்த ஆண்டே அந்நியச் செலாவணி நெருக்கடி. இயந்திரமாக வாங்கிக் குவித்த நமக்கு, அந்த அளவுக்கு விற்கக் கையில் சரக்கு இல்லை. ஓர் உதிரிபாகம் இறக்குமதி செய்யக்கூட லைசென்ஸ், அந்த லைசென்ஸுக்கு ஒரு சிபாரிசு, சிபாரிசுக்கு ஒரு விண்ணப்பம். ஜெர்மனியில் ஒரு சின்னப் பட்டறை முதலாளியை நினைத்துப் பாருங்கள். தன் இயந்திரத்தை வாங்க ஆள் தயார், பணமும் இருக்கிறது, ஆனாலும் ஏன் வாங்க முடியவில்லை என்பது அவருக்கு எப்படிப் புரியும்? 1973இல் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, பெரும்பாலான வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்கவேண்டும் என்றதும் இன்னொரு குழப்பம். இந்தக் காலத்தில் இருநாட்டுச் சபைகள் எல்லாமே முக்கால்வாசி மொழிபெயர்ப்பு ஆபீஸ்தான் என்பது என் எண்ணம். பாஷையை மட்டும் சொல்லவில்லை, ஒரு நாட்டின் சட்டத்தை இன்னொரு நாட்டின் வியாபாரப் புத்திக்குப் பெயர்ப்பது.

இதில் ஒரு விஷயம் பலருக்கு மறந்துபோகிறது. ஜெர்மனி அப்போது இரண்டு. கிழக்கு ஜெர்மனியை இந்தியா அங்கீகரித்தது 1972இல், ஆனால் ரூபாய்க் கணக்கில், அதாவது டாலர் இல்லாமல் ரூபாயிலேயே வரவு செலவு வைத்து, அதனோடு வியாபாரம் முன்பே நடந்தது. பழைய தமிழ்ப் படங்களின் டைட்டிலில் ‘ஓர்வோ கலர்’ என்று வருமே, அந்தப் பிலிம் கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃபென் ஊரிலிருந்து வந்தது. சினிமாக் கொட்டகையில் விசிலடித்துக்கொண்டிருந்த நமக்கு அதுவும் ஒரு இருநாட்டு வர்த்தகம் என்று அப்போது தோன்றவில்லை. 1990இல் இரண்டு ஜெர்மனியும் ஒன்றானதும் அந்த ரூபாய்க் கணக்கு மூடப்பட்டது.

மறு ஆண்டு, 1991இல், தாராளமயமாக்கல் வந்து இங்கே கதவு திறந்தது. லைசென்ஸுக்கு வழி சொன்ன சபைக்கு அந்த வேலை குறைந்தது. அப்புறம் என்ன செய்வது? அதே ஆண்டு மும்பையில் ஒரு பயிற்சி மையத்தைத் தொடங்கினார்கள். கொஞ்ச நாள் வகுப்பு, கொஞ்ச நாள் கம்பெனியில் வேலை, இதுதான் ஜெர்மானிய இரட்டைப் பயிற்சி முறை. சபையின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இதுதான். இயந்திரம் விற்க வந்தவர்கள், அதை ஓட்டுகிற ஆளைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார்கள்.

இன்று மும்பை, டெல்லி, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, புணே என்று அலுவலகங்கள். அந்தப் பக்கம் டுஸெல்டார்ஃபில் ஒன்று. ஒரகடத்தில் டைம்லர் லாரி ஆலை, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் பி.எம்.டபிள்யூ. எதிர்த்திசையில் ஆம்பூர் செருப்பும் திருப்பூர் பனியனும் போகின்றன.

இப்போது ஆட்களும் போகிறார்கள். 2024இல் ஜெர்மனி இந்தியத் திறன் தொழிலாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தது. செருப்புக்குச் சுங்க வரி எவ்வளவு என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். திருச்சியில் படித்த வெல்டரின் சான்றிதழ் ஸ்டுட்கார்ட்டில் எந்த வேலைக்குச் சமம் என்று யார் சொல்வது? சபையின் மேசைக்கு இப்போது இந்தக் கேள்வியும் வந்து சேர்ந்திருக்கிறது. உங்கள் கேள்விகளையும் கேளுங்கள், நேரம் இருக்கிறது.