உத்திரமேரூர் மண்டபத்துச் சுவர்

பெரியவர்களே, தாய்மார்களே, ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்தச் சமுதாயக் கூடத்தில் முதலில் ஒரு காதுகுத்து நடந்ததாம். பிறகு கண் சிகிச்சை முகாம். மூன்றாவதாக என் பேச்சு. நியாயமான வரிசைதான். சுண்ணாம்பு வாசனைகூட இன்னும் போகவில்லை. நான்கு சுவரும் வெறுமையாக இருக்கின்றன. சுவர் முழுக்க எழுத்தாக இருக்கிற வேறொரு ஊர்க்கூடத்தைப் பற்றி இங்கே பேசலாம் என்று தோன்றியது.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர். இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம் அது. ஊர்ச் சபை கூடிய மண்டபம் இன்று வைகுண்டப் பெருமாள் கோயிலாக இருக்கிறது. கருங்கல் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919இல், ஒரு கல்வெட்டு. 14ஆம் ஆண்டில், 921இல், இன்னொன்று. 1898இல் படியெடுக்கப்பட்ட இவற்றை வெங்கையா என்ற கல்வெட்டறிஞர் உலகறியச் செய்தார்.

2020இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும்போது பிரதமரும் இந்த ஊரைச் சொன்னார். இந்த ஊர்ப் பேச்சு வந்தாலே குடவோலைதான், அதாவது ஊர் நிர்வாகிகளைக் குலுக்கலில் தேர்ந்தெடுக்க அந்தக் கல்வெட்டுகள் சொல்லும் முறைதான், முன்னால் வந்து நிற்கும். அதையும் சொல்லிவிடுகிறேன், அழகான காட்சி அது. ஊரில் 30 குடும்பு. இன்றைய கணக்கில் வார்டு. குடும்புவாரியாக ஓலையில் பெயரெழுதி, கட்டி, குடத்தில் போடுவார்கள். சிறுவர் முதல் பெரியவர் வரை சபை நிறைந்திருக்கும். நம்பிமாரில், அதாவது கோயில் பூசாரிகளில், மூத்தவர் எல்லோரும் பார்க்கக் குடத்தைத் தூக்கிக் காட்டுவார். விவரம் அறியாத ஒரு பையன் ஓர் ஓலைக்கட்டை எடுப்பான். அதை வேறு குடத்தில் போட்டுக் குலுக்கி, அவனே ஓர் ஓலையை எடுத்துக் கொடுப்பான். வாங்குகிறவர் மத்தியஸ்தன், ஊர்க்கணக்கர். எப்படி வாங்க வேண்டும்? ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதே! விரலைக்கூட நம்பாத ஊர் ஐயா அது.

என் மனசு நிற்பது குடத்தில் அல்ல. யாருடைய பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்ற பட்டியலில் நிற்கிறது. 921இல் வெட்டிய கல்வெட்டில் அது விரிவாக வருகிறது. எந்த வாரியத்தில், அதாவது நிர்வாகக் குழுவில், இருந்தவரும் கணக்குக் காட்டாமல் போனால் அவர் பெயர் ஓலையில் ஏறாது. அவர் மட்டுமா? சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு பிறந்தவர், தகப்பனோடு பிறந்தவர், மாமனார், மச்சான், மருமகன், அப்பா, மகன் என்று ஒருவரையும் விடவில்லை. சிரிக்கிறீர்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்கூட இவ்வளவு நுணுக்கமாக உறவைக் கணக்கெடுக்க மாட்டார். பினாமி என்ற சொல்லைக் கேள்விப்படாமலே அந்த வழியை அடைத்திருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. கள்ள ஓலை எழுதியவர் கூடாது, கழுதை மேல் ஏறியவரும் கூடாது.

919இல் வயது 30க்கு மேல் 60க்குள் என்றிருந்தது. இரண்டே ஆண்டில் 35க்கு மேல், 70க்குள் என்று மாற்றினார்கள். எழுதிப் பார்த்து, நடத்திப் பார்த்து, போதாது என்று திருத்தியிருக்கிறார்கள். துஷ்டர் கெட்டு நல்லவர் வாழ்வதற்காக இந்த ஏற்பாடு என்று கல்வெட்டே சொல்கிறது. ஆக, துஷ்டர் யாரோ இருந்திருக்கிறார்கள்! கணக்கில் கை வைத்த கதை ஒன்று அதற்குப் பின்னால் இருக்கும் என்பது என் ஊகம்.

தேர்ந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள். ஏரி என்றால் வைரமேகத் தடாகம், பல்லவர் காலத்து ஏரி. பொன்னுக்கும் தனியாக ஒரு வாரியம் உண்டு.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, அன்றே நம்மிடம் மக்களாட்சி இருந்தது என்று மார்தட்ட நான் வரவில்லை. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி அந்தக் கால நில அளவு) மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். நிலத்தில் இறங்கி உழுதவனுக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை. பெண்களுக்கும் இல்லை. தலைவர் அம்மா இந்த மேடையில் உட்கார்ந்திருப்பதற்கு உத்திரமேரூர் காரணமில்லை. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், அதை ஒட்டி வந்த 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டமும்தான் காரணம். இன்று வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர். ஆண்டுக்கு 4 முறை கூடியது, 2022 முதல் 6 முறை. மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவை புதிதாகச் சேர்ந்த நாள்கள்.

ஆள் சேர்ந்துவிட்டோம், சரி. கணக்கு? கிராம சபையில் வரவு செலவை வாசிக்கிறார்கள், காற்றாடிச் சத்தத்தில் பாதி காதில் விழுவதில்லை. அவர்கள் கல்லில் வெட்டினார்கள். நமக்கு அந்தக் கிழக்குச் சுவரில் ஒரு கரும்பலகை போதும். இந்தக் கூடம் கட்ட எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று முதல் வரியாக எழுதுங்கள். தலைவர் அம்மா தலையசைக்கிறார்கள், நீங்களெல்லாம் சாட்சி.

எழுதுகிறவர் கீழே தன் பெயரையும் எழுதட்டும். உத்திரமேரூரில் அப்படித்தான் முடிகிறது: பெருமக்கள் பணிக்க இதை எழுதினேன், மத்தியஸ்தன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராசமல்லமங்கலப்பிரியன்.