டர்னிப் விளக்கும் வாசல் பண்டமும்: ஹாலோவீன் இரவு

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

அக்டோபர் பிறந்துவிட்டால் பெரிய கடைகளில் ஆரஞ்சு நிறப் பரங்கிக்காய் பொம்மைகளும் எலும்புக்கூடு முகமூடிகளும் தொங்க ஆரம்பித்துவிடுகின்றன. வெளிநாட்டில் பேரப்பிள்ளைகள் இருப்பவர்களுக்கு மாதக் கடைசியில் கைபேசியில் படம் வரும். பேத்தி கறுப்புத் தொப்பி போட்டுக்கொண்டு கையில் மிட்டாய் வாளியோடு நிற்பாள். இது என்ன பண்டிகை, ஏன் பரங்கிக்காய், ஏன் வீடு வீடாகப் போய்க் கேட்கிறார்கள் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நடுவிலும் திரும்பச் சொல்வேன். இந்தப் பண்டிகையில் காய் மாறியது, நாடு மாறியது, மதமும் மாறியது. பல நூற்றாண்டுகளாக விடாமல் வருவது ஒரு வழக்கம்தான்: அன்று இரவு வாசலில் வந்து நிற்பவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது.

நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாள் என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கல்லறையைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அதற்கு முந்தைய நாள், 1ஆம் தேதி, அனைத்துப் புனிதர் பெருவிழா. அந்தப் பெருவிழாவுக்கு முந்தைய இரவுதான் ஹாலோவீன். ஆக, இது ஏதோ தனியாக முளைத்த பேய்ப் பண்டிகை அல்ல. நம் ஊர் மாதா கோயில் நாள்காட்டியில் இருக்கும் இரண்டு திருநாட்களின் வாசற்படி அது.

புனிதர் எல்லாருக்குமான திருநாள் முதலில் நவம்பரில் இல்லை. ரோமில் பாந்தியன் என்ற பழைய கோயிலை 609ஆம் ஆண்டு வாக்கில் மே 13ஆம் தேதி, மரியன்னைக்கும் வேதசாட்சிகளுக்கும் உரிய ஆலயமாக நான்காம் போனிஃபஸ் பாப்பரசர் அர்ப்பணித்தார். 800ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்திலும் ஜெர்மானிய நாடுகளிலும் நவம்பர் 1ஆம் தேதியில் கொண்டாடினார்கள். 835இல் பிராங்கியப் பேரரசு முழுவதற்கும் அந்தத் தேதி ஏற்கப்பட்டது. இறந்த ஆன்மாக்களுக்கான நவம்பர் 2, பிரான்சில் குளூனி மடத்துத் தலைவர் ஒடிலோ கி.பி. 1000ஐ ஒட்டி ஏற்படுத்தியது.

இனி அயர்லாந்துக்கு வருவோம். அங்கே நவம்பர் 1 அதற்கு முன்பே பெரிய நாள். சௌவின் என்று பெயர். கோடை முழுக்க மலைமேய்ச்சலில் விட்டிருந்த மாடுகளைக் கீழே ஓட்டி வரும் நாள். பனிக்காலம் முழுக்க எல்லா மாட்டுக்கும் போட வைக்கோல் காணாது. எதை வைத்துக்கொள்வது, எதை அறுப்பது என்று அன்றைக்குத்தான் முடிவாகும். அதனால் இறைச்சி தாராளமாக இருக்கும், ஊர்கூடி விருந்து நடக்கும், குன்றின்மேல் நெருப்பு வளர்ப்பார்கள். ஏன் பகலை விட்டுவிட்டு முந்தைய இரவைப் பிடித்துக்கொண்டார்கள் என்று கேட்கலாம். அயர்லாந்திலும் மேற்கு ஐரோப்பாவிலும் வாழ்ந்த பழைய கெல்ட் மக்களுக்கு நாள் பொழுது சாயும்போதே தொடங்கிவிடும். அவர்களில் ஒரு பிரிவினரான, இன்றைய பிரான்சுப் பகுதியில் இருந்த கால் (Gaul) நாட்டு மக்கள் நாட்களை இரவைக் கொண்டுதான் எண்ணுகிறார்கள் என்று ஜூலியஸ் சீசரே எழுதி வைத்திருக்கிறார். ஆகவே 31ஆம் தேதி இருட்டியதுமே நவம்பர் 1 பிறந்துவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், நேயர்களே. சௌவின் என்பது மரணக் கடவுளின் பெயர், அவருக்குப் பலி கொடுத்த நாள் இது என்று வாட்ஸப்பில் ஆண்டுதோறும் சுற்றுகிறது. அப்படி ஒரு கடவுள் பழைய ஐரிஷ் ஏடுகளில் இல்லவே இல்லை. 18ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தில் வேலை பார்த்த சார்ல்ஸ் வலான்சி என்ற ராணுவப் பொறியாளர், ஐரிஷ் மொழியைக் கிழக்கத்திய மொழிகளோடு முடிச்சுப் போட்டு எழுதியவற்றிலிருந்து வந்த கதை அது. ஏடுகள் சொல்வது வேறு. அன்றைக்கு மண்மேடுகள் திறக்கும், வேற்றுலகத்தார் வெளியே வருவார்கள், தாரா குன்றில் அரசர் விருந்து வைப்பார். ராஸ்காமன் மாவட்டத்தில் ராக்ரோகன் என்ற இடத்தில், வேற்றுலக வாசல் என்று கதைகள் சொல்லும் குகை இன்றும் இருக்கிறது. ஆள் குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். அந்த ஏடுகளைக்கூட எழுதி வைத்தவர்கள் இடைக்காலக் கிறிஸ்தவத் துறவிகள். அதனால் 2000 ஆண்டுப் பழைய சடங்கு அப்படியே நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று யாராவது அடித்துச் சொன்னால், உடனே நம்பிவிட வேண்டாம்.

உறுதியாகத் தெரிவது வாசல் வழக்கம். இடைக்கால இங்கிலாந்தில் இந்த நாட்களில் ஏழைகளும் பிள்ளைகளும் வீடு வீடாகப் போவார்கள். வீட்டுக்காரர் ஒரு சின்ன ரொட்டி கொடுப்பார். வாங்கியவர் அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபம் சொல்வார். அதற்கு ஆன்ம ரொட்டி என்று பெயர். செய்வது சுலபம். மைதா 340 கிராம், வெண்ணெய் 170, சர்க்கரை 170, முட்டை ஒன்று, ஜாதிக்காயும் பட்டையும் ஒரு சிட்டிகை, வினிகர் ஒரு தேக்கரண்டி, ஒரு பிடி உலர்திராட்சை. குளிர்ந்த வெண்ணெயை மாவில் விரல் நுனியால் உதிர்த்துவிட வேண்டும். உள்ளங்கை பட்டால் வெண்ணெய் உருகி ரொட்டி கல்லாகிவிடும். அரை அங்குலக் கனத்தில் வட்டமாக வெட்டி, மேலே கத்தியால் சிலுவை கீறி, 180 டிகிரி சூடான ஓவனில் 15 முதல் 20 நிமிடம் வைத்தால் போதும்.

16ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தம் வந்ததும், இறந்தவருக்காக ஜெபிப்பதை இங்கிலாந்துத் திருச்சபை கைவிட்டது. 1605இல் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கச் செய்த சதி பிடிபட்ட பிறகு, நெருப்பு வளர்க்கும் கொண்டாட்டம் நவம்பர் 5க்குப் போய்விட்டது. தென் இங்கிலாந்தில் ஹாலோவீன் மங்கியதற்கு இவை முக்கியக் காரணங்கள். ஆனாலும் செஷயர் மாவட்டத்தில் ஆன்ட்ரோபஸ் போன்ற ஊர்களில் இந்த நாட்களில் ஊர்க்காரர்கள் வேடம் போட்டு நடிக்கும் ஆன்ம ரொட்டிக்காரர் நாடகம் தப்பிப் பிழைத்தது. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பிள்ளைகள் பழைய துணி உடுத்தி, முகத்தில் கரி பூசி, அடையாளம் தெரியாமல் வீடு வீடாகப் போனார்கள். அங்கே சும்மா கொடுக்க மாட்டார்கள். ஒரு பாட்டோ, ஒரு விடுகதையோ சொன்னால்தான் ஆப்பிளும் கொட்டையும் கிடைக்கும். ஸ்காட்லாந்தில் இன்றும் அதை விடாத வீடுகள் உண்டு. அமெரிக்கா போனபோது அந்தப் பாட்டு கழன்று போனது எனக்கு வருத்தம்தான்.

இப்போது விளக்கு. இதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்குப் போதாது. முதலில் செதுக்கியது பரங்கிக்காயை அல்ல, டர்னிப் கிழங்கை. அதிலும் மஞ்சள் சதையுள்ள பெரிய வகை. நூல்கோலைக் கரண்டியால் குடைந்து பாருங்கள், அதன் கடினம் ஓரளவு புரியும். அயர்லாந்தில் மேயோ மாவட்டம் டர்லோ பூங்காவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் நாட்டுப்புற வாழ்வுப் பிரிவில், டொனகால் பகுதியிலிருந்து வந்த ஒரு டர்னிப் பேய் முகத்தின் அச்சு வார்ப்பு இருக்கிறது. பரங்கி விளக்கின் சிரிப்பு அதில் இல்லை. சுருங்கிய தோல், குழிந்த கண், நெருக்கமான பல். பார்த்தால் உண்மையிலேயே அச்சம் வரும்.

செய்முறையைச் சொல்கிறேன். 15 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கிழங்கு போதும். வேர்ப்பக்கத்தைச் சமமாக வெட்டிவிட்டால் உருளாமல் நிற்கும். தலைப்பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மூடியாக அறுத்து வைத்துக்கொள்ளுங்கள். உடனே கரண்டி போடக் கூடாது, கரண்டிதான் வளையும். முதலில் கத்தி முனையால் உள்சதையில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் கீறல் போட வேண்டும். ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் சுவரை மட்டும் தொடக் கூடாது. பிறகு விளிம்பு கூரான இரும்புக் கரண்டியால் துண்டு துண்டாக நெம்பி எடுக்கலாம். பொறுமையாக ஒரு மணி நேரமாவது ஆகும். எடுத்த சதையை எறிந்துவிடாதீர்கள். வேகவைத்து, வெண்ணெயும் மிளகும் போட்டு மசித்தால் இரவுச் சாப்பாட்டுக்கு ஆயிற்று.

சுவர் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? இருட்டறையில் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கே ஒளி கசியவில்லையோ அங்கே இன்னும் சுரண்ட வேண்டும். ஒரேயடியாகச் சுரண்டினாலும் தப்பு, காயும்போது வெடித்துவிடும். முகம் வெட்டும்போது கண் முதலில், மூக்கு அடுத்து, வாய் கடைசியில். வாய்தான் அகலமான வெட்டு, அதை முதலில் வெட்டிவிட்டால் மற்றதை அழுத்தும்போது முகம் இரண்டாகப் பிளந்துவிடும். பல்லை முழுக்க அறுக்காமல் தோலை மட்டும் சீவி விட்டால் அந்த இடம் தேன் நிறத்தில் மினுங்கும்.

கைப்பிடிக்கு, விளிம்புக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கீழே எதிரெதிராக இரண்டு துளை. சணல் கயிறு கட்டாதீர்கள், சூட்டில் கருகி அறுந்து விளக்கு காலில் விழும். கம்பிதான் நல்லது. மூடியில் விரல் பருமனுக்கு ஒரு துளை அவசியம். துளை இல்லாவிட்டால் புகை வெளியேறாது, சுடர் திணறி அணையும், கருகிய டர்னிப் வாடை வீடு முழுக்க நிற்கும். அடியில் சிறு குழி தோண்டி, மெழுகைச் சொட்டவிட்டு அதில் குட்டை மெழுகுவத்தியை நிறுத்துங்கள். இவை எல்லாவற்றையும் முந்தைய நாள்தான் செய்ய வேண்டும். ஒரு வாரம் முன்பே செய்து வைத்தால் சுருங்கிவிடும்.

இந்த விளக்குக்கு ஒரு கதை உண்டு. ஜாக் என்ற கஞ்சன் சாத்தானை ஏமாற்றி, உன் உயிரை எடுக்க மாட்டேன் என்று வாக்கு வாங்கிவிடுகிறான். செத்த பிறகு சொர்க்கமும் சேர்க்கவில்லை, வாக்குப்படி நரகமும் சேர்க்கவில்லை. வழி தெரிய ஒரு நெருப்புத் துண்டை மட்டும் சாத்தான் வீசுகிறான். அதைத் தின்றுகொண்டிருந்த டர்னிப்பில் வைத்துக்கொண்டு இன்றும் அலைகிறான் என்பது கதை. இதிலும் கவனியுங்கள், வாசலில் வந்து நின்றவனுக்கு ஒரு துண்டாவது கிடைக்கிறது.

அயர்லாந்தில் 1845 முதல் 1852 வரை உருளைக்கிழங்குப் பஞ்சம். சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள், அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள். பெரும்பாலோர் போன வட அமெரிக்காவில் பரங்கிக்காய் அந்த மண்ணின் காய். உள்ளே பாதி வெற்றிடம், கால் மணி நேரத்தில் குடைந்துவிடலாம். அங்கே விளக்குக்கு விற்கிற காய் சமையலுக்கு ஏற்றதல்ல, நார்நாராக நீர்த்திருக்கும். மூடியைக் கத்தியைச் சாய்த்துப் பிடித்து வெட்டுங்கள், நேராக வெட்டினால் உள்ளே விழுந்துவிடும். முகம் வரும் பக்கத்தை இரண்டரை சென்டிமீட்டருக்கு மெலிதாக்குங்கள். ஈரம் மிச்சமிருந்தால் நான்கைந்து நாளில் பூஞ்சை பிடிக்கும்.

விளையாட்டுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தொட்டித் தண்ணீரில் மிதக்கும் ஆப்பிளைக் கைபடாமல் வாயால் எடுப்பது தெரிந்ததுதான். துரத்தினால் ஓடும், அடியோடு அழுத்திக் கடித்தால் கிடைக்கும். கணப்பில் இரண்டு கொட்டைகளுக்குக் காதலர் பெயர் வைப்பார்கள். சேர்ந்து அமைதியாக எரிந்தால் நல்ல இல்லறம், ஒன்று துள்ளி ஓடினால் இல்லை. ஐரிஷ் பார்ம்பிராக் ரொட்டிக்குள் மோதிரம், காசு, கந்தல் துணி, பட்டாணி வைப்பார்கள். மோதிரம் வந்தால் அந்த ஆண்டு கல்யாணம், கந்தல் வந்தால் வறுமை. எதை வைத்தாலும் தாளில் சுற்றி வையுங்கள், பல் போய்விடும்.

அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இந்த இரவு குறும்பு எல்லை மீறியது. வேலிக் கதவைக் கழற்றுவது, வண்டியைக் கூரையில் ஏற்றுவது. மினசோட்டாவின் அனோக்கா நகரம் 1920இல் பிள்ளைகளைத் திசைதிருப்பவே ஊர்வலம் நடத்தியது. கொடுக்காவிட்டால் குறும்பு என்று பிள்ளைகள் வாசலில் கேட்டதை, 1927இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் பிளாக்கி என்ற சிற்றூரைப் பற்றிய செய்தி சொல்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவில் சர்க்கரைக்குப் பங்கீடு வந்ததால் பழக்கம் தேங்கி, 1947இல் பங்கீடு எடுக்கப்பட்டதும் நாடெங்கும் பரவியது. 1950இல் ஃபிலடெல்ஃபியாவில் சில பிள்ளைகள் மிட்டாயோடு ஐ.நா. குழந்தைகள் நிதிக்கும் சில்லறை சேர்த்தார்கள்.

கடிகாரம் நெருக்குகிறது. பாதுகாப்புக்கு என்று வைத்திருந்ததை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். முன்பின் தெரியாதவர் மிட்டாயில் விஷம் வைப்பார் என்ற பயம் அங்கே பெரிது. சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் பல ஆண்டுச் செய்திகளைத் தேடியும் அப்படி உறுதியான உயிரிழப்பு ஒன்றும் அகப்படவில்லை. உண்மையான ஆபத்து சாலையில். அமெரிக்காவில் 42 ஆண்டு விபத்துக் கணக்கைப் பார்த்த ஆய்வில், அன்று மாலை நடந்து போவோர் வாகனத்தில் அடிபட்டு இறப்பது, முன்பின் வாரத்து அதே மாலைகளைவிட 43 சதவீதம் கூடுதல். வெளியூரில் இருக்கும் உங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: முகமூடிக்குப் பதில் முகத்தில் சாயம், கறுப்பு உடுப்பில் ஒளிரும் பட்டை, கையில் டார்ச், விளக்கில் மெழுகுவத்திக்குப் பதில் பேட்டரி. நீள அங்கி தரையில் புரளாமல் கணுக்காலோடு நிற்கட்டும். நன்றி, வணக்கம்.