மலைக்கு ஒரு லேசான ரைஃபிள்: எடையை எங்கே குறைப்பது?

வணக்கம் மக்களே. மேசையில் சமையலறைத் தராசு, பக்கத்தில் சில பாகங்கள். முழுசாக இருக்கும் ஒரே துப்பாக்கி என் பழைய ரைஃபிள்தான். தோட்டா உட்காரும் அறையை மூடும் போல்ட்டைத் திறந்து காட்டுகிறேன், உள்ளே காலி. தோட்டா எதுவும் இந்த அறையிலேயே இல்லை. சரி, ஆரம்பிக்கலாம்.

அமெரிக்காவின் கொலராடோவில் எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்கு, போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் ஒரு போல்ட் ஆக்ஷன் ரைஃபிளைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்கிறேன். மூவாயிரம் மீட்டர் உயரத்தில், மூச்சு வாங்க ஏறும்போது அரை கிலோ என்பது பெரிய விஷயம். மர ஸ்டாக் (தோளில் வைக்கும் கட்டை) போட்ட சாதாரண ரைஃபிள், குறிபார்க்கும் ஸ்கோப்போடு சுமார் 4 கிலோ வரும். எனக்கு 3.2 கிலோவுக்குப் பக்கத்தில் வந்தால் போதும். அதற்குக் கீழே போக ஆசையில்லை, காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது டைட்டானியம் ஆக்ஷன். ஆக்ஷன் என்பது போல்ட் ஓடும், பேரல் என்ற குழாய் வந்து மாட்டும் நடுப்பாகம். எஃகில் செய்த ஷார்ட் ஆக்ஷன் (குட்டைத் தோட்டாவுக்கானது) போல்ட்டோடு ஏறக்குறைய ஒரு கிலோ. டைட்டானியத்தில் கால் கிலோவுக்கு மேல் மிச்சமாகும். ஆனால் விலை ஆயிரம் டாலரைத் தாண்டும். டைட்டானியமும் டைட்டானியமும் உரசினால் ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொள்ளும், அதனால் பெரும்பாலும் போல்ட்டை எஃகிலேயே வைப்பார்கள், இல்லையென்றால் மேல்பூச்சு கொடுப்பார்கள். நான் எஃகோடு நிற்கிறேன். ஒரே நிபந்தனை, அது 1962-ல் வந்த ரெமிங்டன் 700 ரைஃபிளின் அளவுகளில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் டிம்னி, ட்ரிகர்டெக் கம்பெனிகளின் ட்ரிகர்களும் கடையில் கிடைக்கும் ஸ்டாக்குகளில் பெரும்பாலானவையும் அப்படியே பொருந்தும்.

இப்போது தராசைப் பாருங்கள். இந்த ஸ்கோப் லூபோல்ட் 3.5-10x40. 400 கிராம்கூட இல்லை. நீண்டதூரப் போட்டிக்காரர்கள் வைக்கும் வோர்டெக்ஸ் ரேசர் ஜென் 2, 4.5-27x56 கிட்டத்தட்ட 1.4 கிலோ. டைட்டானியத்துக்குக் காசைக் கொட்டிவிட்டு அதன் தலையில் இதைத் தூக்கி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். என்ன சொல்வது! முந்நூறு மீட்டருக்குள் சுடும் எனக்குப் பத்து மடங்கு உருப்பெருக்கம் தாராளம். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களும் அலுமினியத்தில் டாலி லைட்வெயிட். அடியில் தனியாக எஃகு ரயில் (வளையங்களை மாட்டும் பட்டை) வேண்டாம்.

அடுத்து ஸ்டாக். கார்பன் ஃபைபரில் 650 கிராம் அளவில் கிடைக்கிறது, மரத்தில் ஒரு கிலோவைத் தாண்டும். டாலருக்கு அதிக கிராம் குறைவது ஸ்கோப்பிலும் ஸ்டாக்கிலும்தான். ஆக்ஷன் உட்காரும் இடத்தில் எபாக்ஸி பசை ஊற்றி இடைவெளியை நிரப்பும் பெட்டிங் வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்கே ஆட்டம் இருந்தால் குண்டு ஒரே இடத்தில் விழாது.

பேரலில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கார்பன் சுற்றிய பேரல் என்றாலே லேசு என்று நினைப்பு. நிஜத்தில் ஒல்லியான எஃகு பேரல் பல சமயம் அதைவிட எடை குறைவு. கார்பன் தருவது தடிமனும் விறைப்பும். ஒல்லி எஃகு நாலைந்து முறை தொடர்ந்து சுட்டால் சூடேறி, குண்டு விழும் இடம் நகரலாம். எல்க் முன்னால் அவ்வளவு வாய்ப்பு யார் தரப்போகிறார்கள்? முதல் குண்டுதான் முக்கியம். அதனால் 22 அங்குல எஃகு, ஆனால் மிக ஒல்லியில் ஒரு படி மேலே. முன்பக்கம் கொஞ்சம் கனம் இருந்தால்தான் மூச்சிரைக்கும்போது நிற்கும். ரொம்ப லேசான ரைஃபிள் பொற்கொல்லன் தராசு முள் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும்.

தோட்டா 7எம்எம்-08. ரெமிங்டன் 1980-ல் கொண்டுவந்தது, .308 தோட்டாவின் கழுத்தைச் சுருக்கியது. கொலராடோ சட்டப்படி எல்குக்குக் குறைந்தது .24 காலிபரும் (குண்டின் விட்டம், அங்குலத்தில்) 85 கிரெய்ன் (சுமார் 5.5 கிராம்) குண்டும் வேண்டும்; இதில் 140 கிரெய்ன் போடலாம். அதிக வேகம் தரும் மேக்னம் தோட்டா ஏன் இல்லை? அதே தோட்டாவை 4 கிலோவுக்குப் பதில் 3.2 கிலோ ரைஃபிளில் சுட்டாலே உதையின் ஆற்றல் கால் பங்கு கூடிவிடும். மேக்னத்தில் தோள் பயந்துவிடும், பயிற்சியையே தள்ளிப்போடுவோம். பேரல் நுனியில் வாயுவைத் திருப்பிவிடும் மசில் பிரேக் போட்டால் உதை குறையும், ஆனால் சத்தம் காதைப் பிளக்கும். எனக்கு வேண்டாம்.

தோட்டாக்களை அடுக்கும் மேகசின் விஷயத்தில் கொஞ்சம் எடையை விட்டுக்கொடுத்தேன். அடிமூடி இல்லாத வகைதான் மிக லேசு, ஆனால் அதில் தோட்டாக்களை எடுக்க ஒவ்வொன்றாகப் போல்ட்டால் மேலே தள்ளி வெளியேற்ற வேண்டும். குளிரில் விரல் மரத்த நிலையில், ஜீப் பக்கத்தில் நின்று அதைச் செய்ய எனக்குப் பிடிக்காது. மூடி திறந்து கையில் கொட்டும் வகையே எடுத்தேன்.

நம்ம ஆட்களுக்கு ஒன்று. அமெரிக்கச் சட்டத்தில் எண் பொறித்த ஆக்ஷன்தான் துப்பாக்கி. பேரலும் ஸ்டாக்கும் வீட்டுக்கே வரும். ஆக்ஷன் உரிமம் பெற்ற டீலரிடம் போய், படிவம் 4473 நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகுதான் கைக்கு வரும். எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு என்றாலும் வக்கீலைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

பேரல் பொருத்த எல்லாம் துப்பாக்கி வேலை தெரிந்த கன்ஸ்மித்திடம் போகிறது. ஹெட்ஸ்பேஸ் (அறையில் தோட்டாவுக்கும் போல்ட்டுக்கும் இடையே இருக்க வேண்டிய அளவு) விஷயத்தில் யூடியூப் பார்த்து விளையாட மாட்டேன். திரும்பி வந்ததும் பெட்டிங் வேலையைக் காட்டுகிறேன், எந்த எபாக்ஸி நல்லது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.