சிக்னல் இல்லாத வகுப்பறைக்கு இணையத்தை எப்படிக் கொண்டுபோவது?

[காட்சி: விடிகாலை, திருகோணமலை பஸ் நிலையம். சாப்பாட்டுப் பெட்டியும் குடையுமாக மூதூர் பஸ்ஸில் ஏறும் ஆசிரியர்கள்.]

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

காலை ஆறு மணிக்கெல்லாம் பஸ் நிலையத்தில் வந்து நிற்கும் ஆசிரியர்களுக்காக இந்த வீடியோவைத் தயாரித்திருக்கிறேன். மூதூர், வெருகல், தம்பலகாமம், குச்சவெளி என்று ஆளுக்கொரு திசைக்குப் போகிறவர்கள் நாம். நகரில் இருக்கும்வரை கைபேசியில் எல்லாம் ஓடும். என் பாடசாலை வாசலில் இறங்கும்போது சிக்னல் ஒற்றைக் கோடாகிவிடும். தகரக் கூரைக்குக் கீழே வகுப்பறைக்குள் நுழைந்தால் அந்த ஒரு கோடும் இருக்காது.

ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுக்களில் கற்பித்தலுக்கு உதவும் இணையத்தளங்கள் என்று நீண்ட பட்டியல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. நல்லெண்ணத்தோடு அனுப்பப்படுபவைதான். ஆனால் அவற்றில் பல, பிள்ளை ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கணினி இருக்கும் என்று நினைத்துச் செய்யப்பட்டவை. முப்பத்தாறு பிள்ளைகளுக்கு ஒரே மடிக்கணினி, அதுவும் ஆசிரியரின் சொந்த மடிக்கணினி என்கிற வகுப்புக்கு அவை பொருந்தா. அதனால் எந்தத் தளத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, இதை வீட்டிலேயே இறக்கி பென் டிரைவில் கொண்டுபோக முடியுமா என்பதுதான். அடுத்தது, இது நம் பாடநூலின் தமிழில் பேசுமா?

[திரையில்: பாடநூல் அட்டைகள், ஒன்றன்பின் ஒன்றாக.]

கைக்கு எட்டிய தூரத்தில் இருப்பவற்றை முதலில் பார்த்துவிடுவோம். பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலிருந்து அத்தியாயம் அத்தியாயமாக இறக்கலாம். பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் இருக்கின்றன. கல்வி அமைச்சின் இணையவழிக் கற்றல் தளமான ‘ஈ-தக்சலாவ’ மும்மொழியிலும் இயங்குகிறது. இவை உங்களுக்குத் தெரிந்தவையே.

பலர் திறந்தே பார்க்காத ஒன்று உண்டு. அது பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கை. சாதாரண தரப் பரீட்சையில் எந்த வினாவுக்குப் பிள்ளைகள் எப்படி விடை எழுதினார்கள், எந்த இடத்தில் சறுக்கினார்கள் என்று வினா வினாவாக அதில் எழுதியிருக்கும். கடந்தகால வினாத்தாள்களை வாங்கிச் செய்விக்க நமக்குத் தெரியும். பிள்ளை ஏன் பிழைவிடுகிறது என்பதை இந்த அறிக்கைதான் சொல்லும். தரம் 11க்குக் கற்பிப்பவர் எவரும், தவணை தொடங்குமுன் தன் பாடத்துக்குரிய அறிக்கையை ஒரு முறையாவது முழுதாக வாசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

[காட்சி: ஒரு மடிக்கணினித் திரை. மின்கலம், மின்குமிழ், ஆளி, கம்பிகள்.]

இனி, எனக்கு மிகப் பிடித்த ஒன்று. பெயர் ‘ஃபெட்’. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கியது. தொடங்கியவர் கார்ல் வீமன், அதற்கு முந்திய ஆண்டுதான் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் உரிய உருவகப்படுத்தல்கள் இதில் இலவசமாகக் கிடைக்கின்றன. சாதாரண வீடியோவைப் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்க முடியும். இதைப் பிள்ளை தன் கையாலேயே மாற்றிப் பார்க்கலாம்.

எங்கள் ஆய்வுகூடத்தில் மின்சுற்றுப் பெட்டி ஒன்று இருக்கிறது. மின்குமிழ்கள் எரிந்துபோய் நாளாகிவிட்டது. ஆகவே தரம் 8 வகுப்பில் மடிக்கணினியை முன்மேசையில் வைத்து, பிள்ளைகளை ஐந்தைந்து பேராக அழைத்தேன். மின்கலத்தை இழுத்து வைத்து, கம்பியை மின்குமிழில் தொடுத்து, ஆளியை மூடினால் நீலப் புள்ளிகளாக இலத்திரன்கள் கம்பிக்குள் ஊரத் தொடங்கும், குமிழ் ஒளிரும். இரண்டாவது குமிழைத் தொடராக இணைத்தபோது இரண்டும் மங்கின. “சேர், மின்கலம் களைத்துவிட்டதா?” என்று ஒரு பையன் கேட்டான். அவனையே இரண்டையும் சமாந்தரமாக மாற்றி இணைக்கச் சொன்னேன். இரண்டும் பளிச்சென்று எரிந்தன. இன்னொருவன் குமிழே இல்லாமல் மின்கலத்தின் இரு முனைகளையும் கம்பியால் நேராகத் தொடுத்தான். திரையில் தீப்பற்றியது. வகுப்பே எழுந்து ஓடிவந்தது. குறுஞ்சுற்று என்ற சொல்லை அதன்பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஃபெட்டின் பக்கத்தில் மொழிபெயர்ப்புகள் என்ற பகுதிக்குப் போய்த் தமிழைத் தேடுங்கள். எல்லாம் தமிழில் இல்லை, ஆனாலும் கணிசமானவை உண்டு. ஒவ்வொன்றும் தனிக் கோப்பாக இறங்கும், பின்னர் இணையம் இல்லாமலே உலாவியில் திறக்கும். தமிழில் இல்லாதவற்றை நாமே மொழிபெயர்த்துக் கொடுக்கவும் அவர்கள் வழி வைத்திருக்கிறார்கள். நம் ஆசிரிய ஆலோசகர்கள் நான்கைந்து பேரைச் சேர்த்து ஒரு விடுமுறையில் இதைச் செய்யவேண்டும் என்று நெடுநாளாக எனக்கு ஓர் ஆசை.

கணிதத்துக்கு ‘ஜியோஜிப்ரா’ இருக்கிறது. ஒஸ்திரியாவில் 2001இல் பிறந்த மென்பொருள், இதையும் கணினியில் நிறுவிவிட்டால் இணையம் வேண்டியதில்லை. ஒரு முக்கோணியை வரைந்து, உச்சியொன்றைப் பிடித்து இழுங்கள். மூன்று கோணங்களும் மாறிக்கொண்டே இருக்கும், கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையிலிருந்து அசையாது.

[திரையில்: கரும்பலகை, இரண்டு நிரல்கள்.]

இப்போது தமிழ். யூடியூப்பில் விஞ்ஞானப் பாடத்தைத் தமிழில் தேடினால் வருபவற்றுள் மிகப் பல தமிழகத்தில் செய்யப்பட்டவை. அருமையான ஆசிரியர்கள், தெளிவான படங்கள். ஆனால் அங்கே ‘ஒளிச்சேர்க்கை’, நம் பாடநூலில் ‘ஒளித்தொகுப்பு’. அங்கே ‘ஆக்சிஜன்’, இங்கே ‘ஒட்சிசன்’. அங்கே ‘கார்பன் டை ஆக்சைடு’, இங்கே ‘காபனீரொட்சைட்டு’. பெரியவர்களுக்கு இது சின்ன விடயம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்படியில்லை, அது இரண்டையும் வேறு வேறு பொருளென்றே நினைத்துவிடும்.

இதற்காக அந்த வீடியோக்களைத் தள்ளிவைக்க வேண்டாம். வீடியோவைப் போடுமுன் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் அவர்கள் சொல், மறுபக்கம் நம் சொல் என்று எழுதிவிடுங்கள். நான் இன்னொன்றும் செய்வேன். படத்தை மட்டும் ஓடவிட்டு ஒலியை நிறுத்திவிட்டு, பாடநூலின் சொற்களில் நானே பேசுவேன். பிள்ளைகளுக்குத் தெரிந்த குரல், தெரிந்த சொல். வேண்டிய இடத்தில் நிறுத்திக் கேள்வியும் கேட்கலாம்.

[காட்சி: நிழற்பிரதிக் கடையின் கணினித் திரை. வாசிக்க முடியாத ஆங்கில எழுத்துக் குவியல்.]

இந்தத் திரையைப் பார்த்ததும் பலருக்கு நெஞ்சு பதறும். தவணைப் பரீட்சைக்கு முதல்நாள் மாலை, மூன்று இரவுகள் விழித்துத் தட்டச்சுச் செய்த வினாத்தாளோடு ஒரு கடைக்குப் போனேன். கோப்பைத் திறந்தால் தமிழ் ஓர் எழுத்துக்கூட இல்லை. காரணம் ‘பாமினி’. நம்மில் பாதிப்பேர் தட்டச்சுப் பழகியது அந்த எழுத்துருவில்தான். பாமினியில் கணினிக்குள் சேமிக்கப்படுபவை ஆங்கில எழுத்துக்கள். அவற்றுக்குமேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை கழன்றுவிடும்.

உலக மொழிகளின் எழுத்துக்களுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுமுறைதான் யூனிகோட். அதில் தமிழ் எழுத்துக்களுக்கென்றே தனி எண்கள் உண்டு. 1991இல் வந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. யூனிகோட்டில் எழுதியது எந்தக் கைபேசியிலும் தமிழாகவே திறக்கும், தேடினால் கிடைக்கும், வட்ஸ்அப்பில் அனுப்பினாலும் குலையாது. உங்களிடமுள்ள பழைய பாமினிக் கோப்புகளை வீச வேண்டாம். பாமினியிலிருந்து யூனிகோட்டுக்கு மாற்றித்தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. ஒரு பக்கத்தில் ஒட்டினால் மறுபக்கத்தில் தமிழ் வந்துவிடும். கணிதக் குறியீடுகளும் ஆங்கிலச் சொற்களும் கலந்த இடங்களை மட்டும் கண்ணால் சரிபாருங்கள், அங்கேதான் பிழை வரும்.

தட்டச்சே வராதவர்களுக்கு ஒரு வழி. கைபேசியில் கூகுள் விசைப்பலகையின் மொழிகளில் ‘தமிழ் (இலங்கை)’ என்பதைச் சேர்த்து, ஒலிவாங்கிக் குறியைத் தொட்டு, பேசுங்கள். நிதானமாகப் பேசினால் பெரும்பாலும் சரியாகவே எழுதுகிறது. றோனியோ காலத்து அச்சுத்தாள்கள் உங்கள் அலுமாரியில் இருந்தால், அவற்றைப் படமெடுத்துக் கூகுள் டிரைவில் ஏற்றி, கணினியில் கூகுள் டொக்ஸ் மூலம் திறந்து பாருங்கள். படத்துக்குக் கீழே எழுத்து வடிவில் தமிழ் வரும். மங்கிய தாளில் ளகர ழகரம் தடுமாறும், ஆனாலும் முழுவதையும் மீண்டும் தட்டுவதைவிடத் திருத்துவது எளிது.

[காட்சி: வகுப்பறை. கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சிட்ட அட்டைகளை உயர்த்திப் பிடித்திருக்கும் பிள்ளைகள்.]

இது ‘பிளிக்கர்ஸ்’. பிள்ளைகளிடம் கைபேசி வேண்டியதில்லை, ஆளுக்கோர் அட்டை போதும். அட்டையின் நான்கு பக்கமும் நான்கு விடைகள். தான் சரியென்று நினைக்கும் விடை மேலே வருமாறு அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். நீங்கள் உங்கள் கைபேசிக் கமராவை வகுப்பின் குறுக்கே ஒருமுறை நகர்த்தினால் யார் எந்த விடை சொன்னார்கள் என்பது பதிவாகிவிடும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு, எழுத்தும் மிகச் சிறியது. பக்கத்துப் பிள்ளை பார்த்து எழுத முடியாது. நாற்பது அட்டைகள் கொண்ட தொகுதியை இலவசமாக இறக்கி அச்சிடலாம். கணக்குத் தொடங்கவும் வினாக்களை ஏற்றவும் இணையம் தேவை, அதை வீட்டில் முடித்துவிடுங்கள்.

நான் இதில் கண்ட பெரிய பயன் புள்ளியல்ல. கடைசி வாங்கில் இருந்து ஆண்டு முழுவதும் கை உயர்த்தாத ஒரு பிள்ளை, ஐந்து வினாவுக்கும் சரியாக அட்டை பிடித்திருந்தது. அதுவரை அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாதென்றே நான் நினைத்திருந்தேன்.

[திரையில்: ஒரு பென் டிரைவ்.]

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது, இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அதில் உண்டு. ‘கிவிக்ஸ்’ என்ற இலவசச் செயலி அதை அப்படியே ஒரே கோப்பாக இறக்கித் தருகிறது. நூலகமே இல்லாத பாடசாலையில் ஒரு பழைய கணினியில் அதைப் போட்டு மூலையில் வைத்துப் பாருங்கள். இடைவேளையில் பிள்ளைகள் என்னென்ன தேடுகிறார்கள் என்று கவனிப்பதே தனி மகிழ்ச்சி.

தமிழும் வரலாறும் கற்பிப்பவர்களுக்கு ‘நூலகம்’ இணையத்தளம் ஒரு சுரங்கம். ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள் எல்லாவற்றையும் 2005 முதல் தன்னார்வலர்கள் மின்வடிவில் சேர்த்து வருகிறார்கள். நம் ஊரைத் தேடும்போது திருகோணமலை, திருக்கோணமலை, திரிகோணமலை என்று எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். பழைய நூல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பயிற்சி வினாக்களின் முதல் வரைவுக்கு நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் பாடநூலைப் பக்கத்தில் விரித்துவைத்து வரிவரியாகச் சரிபார்க்காமல் ஒரு வினாவைக்கூடப் பிள்ளைகளிடம் கொடுப்பதில்லை. நம் கலைச்சொற்களை அவை அடிக்கடி மாற்றிவிடுகின்றன, தவறான தகவலையும் அதே உறுதியோடு சொல்கின்றன.

[திரையில்: வானிலிருந்து கொட்டியாரக் குடா. மெல்ல நெருங்கி, கிண்ணியாப் பாலம்.]

கடைசியாகக் கூகுள் ஏர்த். இதற்கு இணையம் வேண்டும். ஒருநாள் என் கைபேசியை மரத்தடியில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் வைத்து, மடிக்கணினியையும் அங்கேயே கொண்டுபோய், வகுப்பை மரத்தடிக்கு மாற்றினேன். மகாவலி கடலில் கலக்கும் இடத்தைப் பார்த்தோம். உள்துறைமுகத்தைப் பார்த்தோம். பிறகு கிண்ணியாப் பாலத்தின் நீளம் எவ்வளவு இருக்குமென்று கேட்டேன். நூறு மீற்றர் என்றார்கள், இரண்டு கிலோமீற்றர் என்றார்கள். அளவுகோல் கருவியை எடுத்து, பாலத்தின் இந்த முனையில் ஒரு தொடுகை, அந்த முனையில் ஒரு தொடுகை. நானூறு மீற்றருக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. உண்மையான நீளம் 396 மீற்றர். அளவுத்திட்டப் பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம் என்று நினைத்திருந்தேன்.

அதற்குள் ஒரு சிறுமி எழுந்து, பாலம் வருமுன் தன் உம்மம்மா ‘பாதை’யில்தான் அக்கரைக்குப் போனதாகச் சொன்னாள். பாலம் திறந்தது 2009இல், இந்தப் பிள்ளைகள் பிறக்குமுன். பாதையென்றால் றோட்டுத்தானே என்று மற்றப் பிள்ளைகள் கேட்டார்கள். இல்லை, வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் போவதுதான் பாதை என்று அவள் கையை விரித்துக் காட்டினாள். அதில் மாடு ஏறியதை, மழையில் மணிக்கணக்காகக் காத்திருந்ததை, உம்மம்மா சொன்னபடியே ஒவ்வொன்றாகச் சொன்னாள். மடிக்கணினியை மூடி வைத்தேன். பிள்ளைகள் கொப்பியை எடுத்து, அவள் சொல்லச் சொல்ல எழுதினார்கள்.