அம்மாவுக்கு நைட்டி எடுக்கப் போனேன்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

இங்கே உட்கார்ந்திருக்கும் ஆண்களிடம் ஒரு கேள்வி. உங்கள் அம்மாவுக்கு உள்பாவாடை என்ன அளவு? கை தூக்க வேண்டாம். போன வருஷம் வரைக்கும் எனக்கும் தெரியாது.

அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது நர்ஸ், "சேலை கட்ட முடியாது, நைட்டி வாங்கி வையுங்க" என்றார். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். மதுரையில் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். வாசலில் நின்றவர், "சார், ஜென்ட்ஸ் மேல்மாடி" என்றார். அம்மாவுக்கு என்றேன். "லேடீஸ் யாரையாவது கூட்டிட்டு வரலாமே" என்றார்.

உள்ளே போனதும் துணி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு தள்ளிப் போனார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர்கள் மேல் தப்பே இல்லை. பஸ்ஸிலும் திருவிழாக் கூட்டத்திலும் இடிபட்டு இடிபட்டு வந்த எச்சரிக்கை அது. ஓரமாக நின்று காத்திருந்தேன்.

விற்பனைக்கு நின்ற பெண்தான் கூப்பிட்டார். "அம்மா என்னைவிட உயரமா? இடுப்பு எவ்வளவு இருக்கும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மாவுக்கு என்ன சுகர், என்ன பிரஷர் என்று கேட்டிருந்தால் அந்த நிமிஷமே சொல்லியிருப்பேன்.

அவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். ஃபீடிங் நைட்டி ஆகாது, அதில் ஜிப் மார்போடு நின்றுவிடும். படுத்திருப்பவருக்குக் கீழ்வரை பட்டன் வைத்ததுதான் மாட்டிவிட வசதி. ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். காட்டனாகவே இருக்கட்டும், இல்லையென்றால் முதுகு வேர்த்துப் புண்ணாகும். பிரா அளவையும் கேட்டேன். மார்புக்குக் கீழே டேப் சுற்றினால் வருவது 34, 36 என்கிற எண். மார்பின் மேலே சுற்றினால் அதைவிட எத்தனை அங்குலம் கூடுகிறதோ, அதை வைத்து ஏ, பி, சி. இவ்வளவுதான் கணக்கு. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பது வயது ஆகியிருக்கிறது.

அவர் ஒரு மணி நேரமும் நின்றபடிதான் இருந்தார். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-லேயே நம் சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றியது. அந்தப் பகுதியில் ஒரு ஸ்டூல்கூட என் கண்ணில் படவில்லை. துணி எடுக்கப் போகும்போது நாமும் இதைக் கேட்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து உடை மாற்றிவிட்டபோதுதான் பார்த்தேன். அம்மாவின் இடுப்பைச் சுற்றி விரல் தடிமனுக்குக் கறுப்பாக ஒரு வளையம். நாடா முடிச்சு விழும் இடத்தில் தோல் காய்ப்புக் காய்த்திருந்தது. அறுபது வருஷமாக இறுக்கிக் கட்டிய தடம். "அரிக்கும், அப்புறம் பழகிடும்" என்றார் அம்மா.

2024-ல் மகாராஷ்டிரத்தின் வர்தாவிலும் பீகாரின் மதுபனியிலும் உள்ள மருத்துவர்கள் சேர்ந்து ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். இடுப்பில் நாடாவும் சேலையும் வருஷக்கணக்கில் உரசிய இடத்தில் ஆறாத புண் வந்து, அது தோல் புற்றுநோயாக மாறிய இரண்டு வயதான பெண்களைப் பற்றி. அபூர்வமாக நடப்பதுதான், பயப்பட வேண்டாம். ஆனால் ஆறாத புண்ணை மறைக்கக் கூடாது. உள்பாவாடையைத் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள். நாடாவுக்குப் பதில் அகலமான பட்டி வைத்துத் தைத்துக் கொடுக்கச் சொன்னால் டெய்லர் தைத்துத் தருவார்.

இதையெல்லாம் அம்மா என்னிடம் எப்படிச் சொல்லியிருப்பார்? கொடியில் உள்பாவாடையின் மேல் துண்டைப் போட்டு மறைத்துக் காயவைத்த வீடு எங்கள் வீடு. நானும் அதைப் பார்க்காத மாதிரிப் போய்வரப் பழகியவன்.

அன்றைக்குப் புது நைட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: "பொம்பளைங்க பக்கம் போயா எடுத்தே?"

"ஆமாம்மா."

"அடுத்த தடவை பை வச்சதாப் பாரு. கண்ணாடி வைக்க இடமில்லை."